தேத்தண்ணியும் ரொட்டியும் போதுமா?

ஏப்ரல் மாதம் வந்தால் நுவரெலியாவுக்கு ஒரு நடை போய்வராத குடும்பம் நம்மிடையே குறைவு. வேன் பிடித்து, வீட்டிலேயே சோறாக்கிக் கட்டிக்கொண்டு, கிரகரி ஏரியில் படகேறி, ஹக்கலைப் பூந்தோட்டத்தில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, வழியில் தேயிலை மலையில் இறங்கிப் படம் பிடித்துக்கொண்டு திரும்புவோம். அந்தப் படத்தின் ஓரத்தில் கூடை சுமந்த ஒரு பெண்ணும் நிற்பார். அவருடைய பிள்ளை அன்று காலை எதைச் சாப்பிட்டுவிட்டுப் பாடசாலைக்குப் போனது என்று நாம் கேட்டிருக்க மாட்டோம். கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். தேத்தண்ணியும் ரொட்டியும்.

வாசக சகோதரிகளே, இந்தக் கட்டுரை அந்தப் பிள்ளையின் சாப்பாட்டைப் பற்றியது. ஆனால் அது வேறு யாரோ வீட்டுக் கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா, நுவரெலியா என்று மலைநாட்டுப் பட்டணங்களில் கடை வைத்திருக்கும் நம் குடும்பங்களின் பிள்ளைகளில் பலர் தோட்டத்துப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படிக்கிறார்கள். இடைவேளை மணி அடித்ததும் இரு பெட்டிகளும் அடுத்தடுத்துத் திறக்கப்படுகின்றன. ஒன்றில் முட்டை பொரித்து வைத்த பாண். மற்றதில் காய்ந்த ரொட்டி, சில நாட்களில் அதுவும் இல்லை. பெட்டி இல்லாத பிள்ளை இடைவேளையில் வகுப்பில் இருக்காது. தண்ணீர்க் குழாயடிக்குப் போய்விடும். வகுப்பு ஆசிரியைகளுக்கு இது நன்றாகத் தெரியும்.

காலை ஐந்து மணிக் கணக்கு

தோட்டத்துத் தாய்மாருக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது, சத்துணவு பற்றிய அறிவு இல்லை என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. அவர் காலையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து மணிக்கு முன் எழும்ப வேண்டும். தண்ணீர் பிடிக்க வேண்டும். ஈர விறகை ஊதி ஊதி அடுப்பு மூட்ட வேண்டும். கைக்குழந்தை இருந்தால் பிள்ளைமடுவத்தில் விட வேண்டும். பிரட்டுக் களத்துக்கு நேரத்தோடு போய்ச் சேராவிட்டால் அன்றைய பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. பாடசாலை தொடங்குவது ஏழரை மணிக்கு. இத்தனைக்கும் நடுவில் ரொட்டியைத் தவிர வேறு எதைச் செய்ய முடியும்? கோதுமை மாவைப் பிசைந்து கல்லில் தட்டிப் போட்டால் வேலை முடிந்தது. கையில் எடுத்துக்கொண்டு நடந்தே தின்னலாம். அந்தக் காலத்தில் அரிசியும் மாவும் தோட்டத்திலேயே கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். ரொட்டிப் பழக்கம் வேரூன்றியதில் அதற்கும் பங்கு உண்டு.

ஆகவே ரொட்டியைத் திட்டி ஆவதொன்றும் இல்லை. ரொட்டியோடு என்ன சேருகிறது, என்ன சேரவில்லை என்பதுதான் கேள்வி. சேருவது இனிப்புப் போட்ட சாயத் தண்ணீர். தேயிலையில் உள்ள ஒருவகைத் துவர்ப்புச் சத்து, சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சிக்கொள்வதைத் தடுக்கிறது. சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால், பருப்பிலும் கீரையிலும் இருந்து கிடைக்க வேண்டிய இரும்பு பாதிக்கும் கீழே போய்விடும். ஏற்கனவே குறைவாக உண்ணும் பிள்ளைக்கு இது இரட்டை நட்டம். உலகத்துக்கே தேயிலை பறித்துக் கொடுக்கும் வீட்டில் அதே தேயிலை பிள்ளையின் இரத்தத்தைக் குறைக்கிறது என்றால் யாருக்குத்தான் மனம் கனக்காது?

2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் நடந்த குடிசன, சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் மட்டும் எடுத்தால் 32 பேர். மாவட்டங்களில் நுவரெலியாவே மிக மோசமான இடத்தில் இருந்தது. இதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் தோட்டப்புறக் கணக்கு 40. குறைந்திருக்கிறது என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் மூன்று பிள்ளைகளில் ஒன்று என்பது ஆறுதல் கொள்ளும் கணக்கா? குட்டையாய் இருந்தால் என்ன, அது எங்கள் பரம்பரை என்று சொல்பவர்களும் உண்டு. பரம்பரை ஓரளவுக்குத்தான். கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் போதிய உணவு கிடைக்காத பிள்ளைக்கு உயரம் மட்டும் குறைவதில்லை. படிப்பிலும் நினைவாற்றலிலும் அது பின்தங்குகிறது. பாடசாலைச் சாப்பாடு அந்த முதல் இரண்டு ஆண்டுகளைத் திருப்பித் தராது. ஆனால் இன்று காலை பசியோடு கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையை இன்றைக்குக் காப்பாற்றும்.

வந்ததும் நின்றதும்

இலங்கையில் பாடசாலைச் சாப்பாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆனால் அது தொடர்ச்சியான வரலாறு அல்ல. பணிஸ் கொடுத்த காலம் இருந்தது, பிஸ்கட் கொடுத்த காலம் இருந்தது. 1989இல் ஜனாதிபதி பிரேமதாசவின் காலத்தில் நாடு முழுவதும் மாணவர்களுக்குப் பகலுணவு என்று பெரிதாகத் தொடங்கினார்கள். அதுவும் சில ஆண்டுகளில் முடிந்தது. பின்னர் 2000க்குப் பிறகு, வறிய பகுதிகளின் ஆரம்பப் பாடசாலைகளுக்கு என்று மீண்டும் வந்தது. மலையகத்துப் பிள்ளைகளுக்கோ எல்லாமே தாமதம்தான். 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான்.

கொரோனாவால் 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது சாப்பாடும் சேர்ந்து மூடப்பட்டது. திறந்து மூச்சுவிடுவதற்குள் 2022. அந்த ஆண்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எரிவாயு வரிசை, பால்மா வரிசை, பெற்றோல் வரிசை. செப்டெம்பர் மாதத்தில் கொழும்பின் உணவு விலை முந்திய ஆண்டைவிட நூற்றுக்கு 94.9 கூடியிருந்தது. அதாவது சாப்பாட்டுச் சாமான் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. நகரத்தில் நாம் இறைச்சியைக் குறைத்தோம். தோட்டத்தில் ஒரு வேளையைக் குறைத்தார்கள். சாப்பாடு கொடுக்க வழியில்லாததால் பிள்ளையைப் பாடசாலைக்கே அனுப்பாத வீடுகள் இருந்தன. காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் மயங்கி விழுந்த செய்திகளைப் பத்திரிகைகளில் படித்தோம்.

அப்போது வெளியிலிருந்தும் கை நீண்டது. உலக உணவுத் திட்டம் அரிசியும் பருப்பும் தந்தது. அமெரிக்காவிலிருந்து நன்கொடையாக வந்த மஞ்சள் பட்டாணிப் பருப்பையும், டின்னில் அடைத்த சாமன் மீனையும் சேவ் த சில்ரன் அமைப்பு சில மாவட்டங்களின் பாடசாலைகளுக்குக் கொண்டு சேர்த்தது. உதவி பெரியதுதான். ஆனால் டின்னைத் திறந்து, மீனைத் தாளித்து, பிள்ளையின் தட்டில் வைத்தது யார் என்று பாருங்கள். அந்தந்தப் பாடசாலையின் தாய்மார்.

2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அரசாங்கம் தரம் ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் சாப்பாடு என்று திட்டத்தை விரித்தது. ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட பாடசாலைகள், ஏறத்தாழ 16 இலட்சம் பிள்ளைகள். ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்கு 110 ரூபா. முன்பு ஒரு காலத்தில் அது 30 ரூபாவாக இருந்தது. ஐந்தாம் தரத்தோடு இது நின்றுவிடுகிறது என்பதையும் கவனியுங்கள். ஆறாம் தரத்துக்குப் போனதும் பிள்ளைக்குப் பசி போய்விடுமா? பெண் பிள்ளை வளர்ந்து, இரும்புச்சத்து மிக அதிகமாகத் தேவைப்படும் வயதில்தான் தட்டு எடுக்கப்படுகிறது.

சமைக்கிற கை

இந்தச் சாப்பாட்டைப் பெரிய கொம்பனி எதுவும் சமைப்பதில்லை. பாடசாலையில் அதிபர், ஆசிரியர்கள், பெற்றோர் சேர்ந்த குழு, பிள்ளைகளின் தாய்மாரில் முன்வருபவர்களைத் தெரிவு செய்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அவர்களுடைய சமையலிடத்தைப் பார்த்துச் சம்மதம் கொடுக்க வேண்டும். எந்த நாள் என்ன என்பதற்கு அமைச்சின் பட்டியல் இருக்கிறது: சோறு, பருப்பு அல்லது பயறு வகை, கீரை, மரக்கறி, முட்டை அல்லது மீன் அல்லது நெத்தலி, கூடவே பழம். கல்யாண வீட்டுச் சாப்பாடு இல்லை. ஆனால் ரொட்டியும் தேத்தண்ணியும் மட்டும் உண்ட பிள்ளைக்கு அது முழுச் சாப்பாடு.

நம் சகோதரிகளுக்கு உடனே எழும் கேள்வி ஒன்று உண்டு: எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கும் இடத்தில் நம் பிள்ளை இதை உண்ணலாமா? பட்டியலை மறுபடி பாருங்கள். மீன், முட்டை, பருப்பு, கீரை. வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் உண்ணும் இந்துப் பிள்ளைக்கும் இடமிருக்கிறது, நம் பிள்ளைக்கும் இடமிருக்கிறது. எல்லோரும் ஒரே தட்டில் உள்ளதை உண்ணும்போது இல்லாத பிள்ளை தலைகுனிய வேண்டியதில்லை. என் கண்ணுக்கு இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய நன்மை அதுவே.

இனித்தான் சங்கடம். தாய்மார் இந்தச் சாப்பாட்டைத் தம் கைப்பணத்தில் சமைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பட்டியல் போட்டுக் காசு கேட்க வேண்டும். காசு அமைச்சிலிருந்து மாகாணம், வலயக் கல்வி அலுவலகம், பாடசாலை என்று படிப்படியாக இறங்கி வரும். இறங்கி வரச் சில வேளை மாதக் கணக்காகும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். அறுபது பிள்ளைகள் உள்ள சிறிய பாடசாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு 110 ரூபா என்றால் ஒரு நாளைக்கு 6,600 ரூபா. மாதத்தில் இருபது நாள் பாடசாலை நடந்தால் 132,000 ரூபா. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல்தான் 1,000 ரூபாவைத் தொட்டது. 2024இல் 1,350 ஆனது. இப்படி நாட்சம்பளத்தில் வாழும் வீட்டுப் பெண், அரசாங்கத்துக்கு மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் கடன் கொடுக்கிறார் என்பதே இதன் பொருள். இரண்டு மாதம் தாமதித்தால் இரண்டரை இலட்சத்துக்கு மேல். அவரிடம் அவ்வளவு காசு ஏது? கடையில் கடன் எழுதுவார். கடைக்காரர் முகம் சுளித்தால் நகையை அடகு வைப்பார். அதுவும் முடியாதபோது தட்டிலிருந்து ஏதாவது ஒன்று குறையும்.

எது முதலில் குறையும் என்று நினைக்கிறீர்கள்? சோறு குறையாது. பிள்ளைக்கு வயிறு நிரம்ப வேண்டும் அல்லவா? முட்டைதான் குறையும். பிறகு மீன், பிறகு பழம். கடைசியில் சோறும் தண்ணீர்ப் பருப்பும் மிஞ்சும். முட்டை விலையை அரசாங்கம் கட்டுப்படுத்த முயன்று முடியாமல், 2023இல் இந்தியாவிலிருந்தே முட்டை இறக்குமதி செய்யப்பட்டது நினைவிருக்கும். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் உண்டு. கண்ணுக்கும் மூளைக்கும் வேண்டிய சத்துகளும் உண்டு. அந்த ஒரு முட்டை தட்டில் இருப்பதும் இல்லாததும், மேலே எங்கோ ஒரு மேசையில் பட்டியல் கையொப்பமாகும் தேதியைப் பொறுத்திருக்கிறது. சத்துணவைப் பற்றிப் பாடசாலையில் எத்தனை சுவரொட்டி ஒட்டினாலும் இதற்கு மருந்தாகாது.

உலக உணவுத் திட்டமும் அரசாங்கமும் சேர்ந்து இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி பார்த்திருக்கின்றன. சமைக்கும் பெண்களுக்கே கோழிக்குஞ்சும் கூடும், வீட்டுத் தோட்டத்துக்கு வேண்டியவையும் கொடுத்து, விளைவதைப் பாடசாலைத் தட்டுக்கே கொண்டுவரச் செய்வது. முட்டையைக் கடையில் வாங்காமல் கூட்டிலிருந்து எடுத்தால் விலையேற்றம் அவ்வளவாகக் கடிக்காது. மிஞ்சியதை விற்றால் கையில் காசும் புரளும். லயன் காம்பராவில் வாழ்பவருக்கு இதற்கு இடம் எங்கே என்று கேட்பீர்கள். உண்மைதான். 2015க்குப் பிறகு ஏழு பேர்ச்சஸ் காணியோடு தனி வீடு கிடைத்த குடும்பங்களுக்கு இது முடியும். லயத்திலேயே இருப்பவர்களுக்கு வாசல் ஓரத்துச் சாக்குப் பைகளில் கீரை போடலாம், கோழி சிரமம். வீடும் காணியும் இல்லாமல் சத்துணவைப் பேச முடியாது என்பதை மலையகத்தில் இருப்பவர்கள் நமக்குப் பலமுறை சொல்லிவிட்டார்கள்.

கடல் தாண்டி ஒரு பார்வை

தோட்டத்து மக்களின் முன்னோர் வந்த தமிழ்நாட்டில் இது எப்படி நடக்கிறது? அங்கே முதலமைச்சர் காமராஜர் 1956இல் மதிய உணவைத் தொடங்கினார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 1989இல் கருணாநிதி காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது; பின்னால் அது பாடசாலை நடக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு முட்டை என்று வளர்ந்தது. 2022 செப்டெம்பரில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் வந்தது. கட்சிகள் மாறின, ஒருவர் வைத்ததை மற்றவர் எடுக்கவில்லை, மேலும் ஒன்றைக் கூட்டினார்கள். அரசியலில் அபூர்வமான போட்டி!

ஆனால் நாம் கவனிக்க வேண்டியது முட்டையை அல்ல. 1982 முதல் அங்கே ஒவ்வொரு மையத்துக்கும் ஓர் அமைப்பாளர், ஒரு சமையலாளர், ஓர் உதவியாளர் என்று அரசாங்கமே சம்பளத்துக்கு ஆள் வைத்தது. பெரும்பாலும் பெண்கள், விதவைகளுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் முன்னுரிமை. சம்பளம் போதவில்லை என்று அவர்கள் போராடியதும் உண்டு, அது வேறு கதை. ஆனால் அரிசியும் முட்டையும் மையத்துக்கு வந்து இறங்குகின்றன. சமைப்பவர் தம் தாலியை அடகு வைத்து அரிசி வாங்க வேண்டியதில்லை. நம் நாட்டில் சாப்பாட்டின் பாரத்தைத் தாயின் தலையில் வைத்து, காசை மட்டும் பின்னால் அனுப்புகிறோம்.

வாசலில் தொங்கும் பக்கற்றுகள்

பாடசாலைக்குள் என்ன விற்கலாம், என்ன விற்கக் கூடாது என்று கல்வி அமைச்சு 2007இலும் பிறகு 2015இலும் சிற்றுண்டிச்சாலைகளுக்குச் சுற்றுநிருபம் அனுப்பியது. இனிப்பு மென்பானம், டொபி வகை, பொரித்த பக்கற் வகைகளுக்கு அதில் இடமில்லை. 2016 ஆகஸ்ட் முதல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவுக்கேற்ப நிறப்புள்ளியும் வந்தது. நூறு மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவாக இருந்தால் பச்சை, நடுவே உள்ளது மஞ்சள். அடுத்த முறை போத்தல் வாங்கும்போது புரட்டிப் பாருங்கள்.

தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் சிற்றுண்டிச்சாலையே இல்லை. ஆகவே சுற்றுநிருபம் அங்கே யாரைக் கட்டுப்படுத்தும்? வாசலுக்கு வெளியே ஒரு பெட்டிக்கடை இருக்கும். நிறம் நிறமாகப் பக்கற்றுகள் மாலை போலத் தொங்கும். ஐஸ் பக்கற், மசாலா தூவிய பைட், புளி மிட்டாய். சோறு கட்ட நேரமில்லாத தாய் கையில் ஐம்பது ரூபாவைக் கொடுத்து அனுப்புவார். அந்த ஐம்பது ரூபா நேராக இந்த மாலைக்குப் போகும். பட்டணத்தில் நம் வீடுகளிலும் இதே கதைதான், காசு மட்டும் கொஞ்சம் கூட. ரோல்ஸ், பெட்டிஸ், சிவப்புப் புள்ளிப் போத்தல். மெலிந்த பிள்ளையும் பருத்த பிள்ளையும் ஒரே கடையில்தான் நிற்கிறார்கள்.

கடைக்காரரைப் பகைத்துக்கொண்டு பயனில்லை. அவரும் பிழைக்க வேண்டும். பாடசாலைக் குழுவில் உள்ள தாய்மார் சேர்ந்துபோய், அவித்த கடலை, கௌபி, வாழைப்பழம், கொய்யா, அவித்த சோளம் ஆகியவற்றை முன்வரிசையில் வைக்கச் சொல்லலாம். பிள்ளைகள் வாங்குவார்களா என்றால், முதல் வாரம் வாங்க மாட்டார்கள். தேங்காய்ப்பூவும் காய்ந்த மிளகாயும் போட்டுத் தாளித்த சூடான கடலையின் மணம் மலைநாட்டுக் குளிரில் வாசலில் வீசும்போது எவ்வளவு நாள் பிடிவாதமாக இருப்பார்கள்?

வீட்டுப் பெட்டியில் என்ன வைப்பது?

நுவரெலியாவில் கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட், போஞ்சி எல்லாம் விளைகின்றன. லொறி லொறியாகக் கொழும்புக்குப் போகின்றன. விளையும் இடத்துப் பிள்ளையின் பெட்டியில் அவற்றைக் காண்பது அரிது. தரம் பிரிக்கும்போது கழிக்கிற வளைந்த கரட்டும் பிளந்த கோவாவும் சந்தையில் மலிவாகக் கிடைக்கும். சத்தில் ஒரு குறையும் இல்லை. நன்றாகக் கழுவிச் சமைத்தால் போதும். மருந்து தெளிக்கிற பூமி என்பதால் கழுவுவதில் சோம்பல் கூடாது.

ரொட்டி மாவிலேயே துருவிய கரட்டையும் மெல்லிதாக அரிந்த கோவாவையும், தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாயோடு பிசைந்து தட்டுங்கள். மாவில் மூன்றில் ஒரு பங்கு குரக்கன் மாவாக இருந்தால் இன்னும் நல்லது. கரட்டின் சத்து உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். தேங்காய்ப்பூ அதைப் பார்த்துக்கொள்ளும். தலையும் குடலும் நீக்கிய நெத்தலியைக் கழுவி, வெயிலிலோ அடுப்பு ஓரத்திலோ காயவைத்து, வறுத்து இடித்து ஒரு போத்தலில் வைத்துக்கொள்ளுங்கள். சம்பலில் ஒரு தேக்கரண்டி சேர்த்தால் பிள்ளைக்கு முள் தொல்லை இல்லை, எலும்போடு சேர்ந்த சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். இரவே ஊறப் போட்ட பாசிப்பயறு காலையில் சீக்கிரம் வெந்துவிடும். முருங்கைக்கீரையைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். நுவரெலியாக் குளிரில் முருங்கை சரியாக வராது. வல்லாரையும் பொன்னாங்காணியும் மலைநாட்டில் கிடைக்கும். அரிந்து, தேங்காய்ப்பூவும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துச் சுண்டல் செய்யுங்கள். அந்தத் தேசிப்புளி சுவைக்கு மட்டுமல்ல, கீரையின் இரும்பை உடம்பு ஏற்றுக்கொள்ளவும் உதவும்.

தேத்தண்ணியைச் சாப்பாட்டோடு கொடுக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். தண்ணீர்ப் போத்தலில் தேத்தண்ணி நிரப்பி அனுப்பும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதற்குப் பதில் கொதித்தாறிய தண்ணீர். பாடசாலையில் வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை, வயிறு பிரட்டும் என்று பயந்து எறிந்துவிடச் சொல்லாதீர்கள். சாப்பாட்டுக்குப் பின் விழுங்கச் சொல்லுங்கள். லன்ச் ஷீட் 2017இலேயே தடைசெய்யப்பட்டது. சூடான ரொட்டியை அதில் சுற்றும் பழக்கம் இன்னும் இருந்தால் வாழையிலைக்கோ துணிக்கோ மாறுங்கள்.

பட்டணத்துச் சகோதரிகள் செய்யக்கூடியது

அன்னதானம் போல ஒரு நாள் பெரிய சட்டியில் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஆர்வம் நம்மிடம் நிறைய. கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் புரியாணி மறுநாள் முட்டையாகாது. பாடசாலைக்குச் சமைக்கும் தாய்க்கு வேண்டியது, காசு வந்து சேரும்வரை தாக்குப்பிடிக்க ஒரு கைமாற்று. வட்டி இல்லாத கைமாற்று. கர்ழன் ஹஸனா என்று நாம் பேர் வைத்திருப்பது இதற்குத்தானே?

செய்முறை கடினம் இல்லை. பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்து ஒரு தொகையை ஒதுக்குங்கள். உங்கள் ஊரின் ஒரே ஒரு சிறிய பாடசாலையோடு தொடங்குங்கள். காசைக் கையில் கொடுப்பதைவிட, அரிசி, பருப்பு, முட்டை எடுக்கும் கடையில் அந்தத் தாயின் பேரில் ஓர் எல்லை வைப்பது நல்லது. கடை பெரும்பாலும் நம்மவருடையதாகவே இருக்கும். உங்கள் வாப்பாவோ நானாவோ கணவரோ கல்லாவில் இருப்பார்கள். கடன் கொப்பியில் அதற்கென்று ஒரு தனிப் பக்கம் திறக்கச் சொல்லுங்கள். கொள்விலைக்கே கொடுக்க முடியுமென்றால் இன்னும் நல்லது. அதிபரையும் சாட்சியாக வைத்து எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்: வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து காசு வந்த அன்றே கணக்குத் தீர வேண்டும், தீர்ந்ததும் அடுத்த மாதத்துக்கு அதே பக்கம் திறக்கும். தொகை கரையாது, சுற்றிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்றும் செய்யுங்கள். பெற்றோர் கூட்டத்தில் நம் பெண்கள் பின்வரிசையில் இருந்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துத் திரும்புவது வழக்கம். அடுத்த கூட்டத்தில் எழுந்து இரண்டு கேள்வி கேளுங்கள். சென்ற மாதச் சாப்பாட்டுப் பட்டியல் எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது? காசு எந்தத் தேதியில் வந்தது? இரண்டு தேதியையும் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதம் தொடர்ந்து எழுதினால், வலயக் கல்விப் பணிப்பாளருக்குக் கடிதம் எழுத வேண்டிய விபரம் உங்கள் கையில் இருக்கும்.